இடம், பொருள், ஏவல்: பிறர் வயலில் பழம்பொருள் தேடுவோரின் கடமை



மொழிக் கழகத்தின் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமோ காப்பியமோ பேசப்படும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாமோ இங்கிலாந்து நாட்டின் உழுத வயலொன்றில், நீண்ட கைப்பிடியுள்ள ஒரு கருவியை மண்ணின்மேல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு மெல்ல நடக்கும் மனிதரைப் பற்றிப் பேச வந்துள்ளோம். மொழிக்கும் அவருக்கும் என்ன உறவு என்ற வினா எழுவது இயல்பே.

'இடம், பொருள், ஏவல்' என்னும் தொடரை அறியாத தமிழாசிரியர் இலர். பேசும் இடத்தையும், பேசப்படும் பொருளையும், பேசுவதற்கு நமக்குள்ள உரிமையையும் அறிந்து பேசுக என்பது அதன் கருத்து. பிறர் வயலில் பழம்பொருள் தேடுவோர்க்கும் அதே மூன்று கட்டளைகள்தாம். இவற்றுள் 'பொருள்' என்னும் சொல்லிடத்துச் சற்றே நின்று பார்ப்போம். கையால் எடுக்கும் பண்டம் பொருள். அதனை விற்றால் வரும் செல்வமும் பொருள். ஒரு சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். மண்ணிலிருந்து ஒரு வெள்ளிக்காசு வெளிவரும்போது இம்மூன்றும் சேர்ந்தே வருகின்றன. முதலிரண்டும் காசோடு ஒட்டிக்கொண்டு, அது போகுமிடமெல்லாம் போகும். மூன்றாவது பொருள் காசு கிடந்த இடத்தோடு ஒட்டியது. இடத்தைக் குறித்து வையாமல் காசை எடுத்தவுடன் அது அங்கேயே அழிந்துவிடும். எத்தனை விலை கொடுத்தாலும் பின்னர் அதனை மீட்க இயலாது.

இங்கிலாந்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உலகின் பல நாடுகளில், உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டு பழம்பொருள் தேடுவது தனியாருக்குத் தடைசெய்யப்பட்டுள்ளது. அல்லது அரசின் உரிமம் பெற்றோர்க்கு மட்டுமே வாய்க்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நிலத்திற்குரியவர் இசைந்தால் எவரும் தேடலாம். சட்டத்தால் காக்கப்பட்ட தொன்மைச் சின்னங்களில் மட்டும், 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து வழியான அரசு இசைவின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். எனவே அங்கே ஆயிரக்கணக்கான பொதுமக்கள், ஓய்வுபெற்றோரும் தொழிலாளரும் ஆசிரியருமாக, வார இறுதிகளில் பிறர் வயல்களில் நடக்கின்றனர். உரிமை இவ்வளவு தாராளமாக இருக்குமிடத்தில்தான் பொறுப்பு என்பது என்னவென்று தெளிவாகப் புலப்படும்.

கருவியின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். அதன் அடிப்பகுதியில் வட்டமான கம்பிச்சுருள் இருக்கிறது. சுருளில் பாயும் மின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அப்புலத்தில் உலோகம் குறுக்கிட்டால் அதனுள் சிறு மின்னோட்டம் எழுந்து, அதன் எதிரொலிபோல் ஒரு குறிப்பு திரும்ப வருகிறது. காதணியில் ஒலி கேட்கிறது. ஒரு சிறு காசை ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் கண்டுகொள்ளலாம். தங்கமோ தகர மூடியோ, தோண்டிப் பார்த்தாலன்றித் திண்ணமாகத் தெரியாது. தேடுவோர் பலரும் நாள் முழுவதும் நடந்து எடுப்பவை துருப்பிடித்த ஆணிகளும், ஈயத் துண்டுகளும், குளிர்பான டின்களின் வளையங்களுமே. அவற்றையும் பையிலிட்டு வெளியே கொண்டுவருவது நல்ல தேடுவோரின் வழக்கம். விதைத்த நிலத்துக்குச் செய்யும் வாடகை என்று அதனைக் கொள்ளலாம்.

அந்த ஒரு சாண் ஆழம் முக்கியமானது. ஏர் புரளும் மண்ணும் ஏறக்குறைய அவ்வளவே. ஆண்டாண்டாக உழப்படும் நிலத்தில், மேல்மண்ணில் கிடக்கும் பழம்பொருள் தான் முதலில் கிடந்த அடுக்கை ஏற்கெனவே இழந்துவிட்டது. கலப்பைக் கொழு அதனை இழுத்துச் செல்கிறது. உரத்தின் வேதிப்பொருள் அரிக்கிறது. அதனை எடுத்துக் காப்பது பல வேளைகளில் நன்மையே. அடுக்கு போனாலும் வயல் போய்விடவில்லை அல்லவா? ஒரே வயலில் பத்தாண்டுகளாகக் கிடைத்த உடைந்த ஊசிகளையும் வார்ப்பூட்டுகளையும் காசுகளையும் வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால், எழுத்தில் எங்கும் பெயர் காணப்படாத ஒரு பழைய சந்தையோ ஊரோ அங்கே உருவெடுக்கக்கூடும். ஒற்றைப் புள்ளிக்கு மதிப்பில்லை. புள்ளிகள் திரளும்போது கோலம் தெரிகிறது. ஏரெட்டாத ஆழத்தில் கிடப்பனவோ இன்னும் தம் அடுக்கிலேயே உள்ளன. அவற்றைத் தொடும் உரிமை பொழுதுபோக்காகத் தேடுவோர்க்கு இல்லை என்பதே நம் துணிபு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006இல் தொல்லியல் அமைப்புகளும் தேடுவோர் சங்கங்களும் நிலவுடைமையாளர் அமைப்புகளும் கூடி வகுத்து, 2017இல் திருத்திய நடைமுறை விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன: உழுத மண்ணில் தேடுக, உழவின் ஆழத்தைக் கடவாதிருக்க, அதற்குக் கீழே ஏதேனும் தென்பட்டால் கையை எடுத்துவிட்டு அறிந்தோரை அழைக்க.

இனி ஏவலுக்கு வருவோம். வயல் யாருடையது? உழுபவர் குத்தகைக்காரராக இருக்கலாம். நிலம் வேறொருவருடையதாக இருக்கலாம். பயிருக்கு உரியவரின் இசைவும் மண்ணுக்கு உரியவரின் இசைவும் தனித்தனியே வேண்டும். "போய்ப் பாருங்களேன்" என்று வேலியோரத்தில் சொல்லப்பட்ட வாய்மொழி, புதையல் கிடைத்த மறுநாளே நீதிமன்றச் சண்டையாக மாறிவிடும். ஆதலால் எந்தெந்த வயல், எந்தெந்தப் பருவம், கிடைப்பவை யாருக்கு, விற்றால் எவ்வாறு பகிர்வது என்பவற்றை முன்கூட்டியே எழுதி இருவரும் கையொப்பமிடுவது அங்கே நல்ல மரபு. உரிமை பற்றிச் சட்டமும் ஐயத்துக்கு இடமின்றிப் பேசியிருக்கிறது. சரே மாவட்டத்து ஃபார்னம் பூங்காவில் ஒருவர் கருவியின் துணையால் ஒன்பது அங்குல ஆழத்தில் இடைக்காலத் தங்க உடையூசி ஒன்றைக் கண்டெடுத்தார். அது தமக்கே உரியது என்று வாதிட்டார். 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மண்ணுக்குள் புதைந்து கிடப்பது மண்ணின் உடைமையாளருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. கண்டவர்க்கே சொந்தம் என்ற எண்ணம் விளையாட்டுத் திடலுக்குப் பொருந்தும், வயலுக்குப் பொருந்தாது.

இசைவு பெற்றபின் கடைப்பிடிக்க வேண்டிய சிறு ஒழுக்கங்கள் பல. திறந்திருந்த படலைத் திறந்தவாறும், மூடியிருந்ததை மூடியவாறும் விடுதல்; முளைத்த பயிரை மிதியாமை; ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில் ஒதுங்கியிருத்தல்; புல்தரையானால் புல்லோடு மண்ணைக் கட்டியாகப் பெயர்த்து, மீண்டும் அதே குழியில் அழுத்தி வைத்தல். மூடாமல் விட்ட குழியில் மாட்டின் கால் முறிந்தால் அந்த உழவர் அடுத்த பத்தாண்டுக்கு எவரையும் தம் நிலத்தில் நுழைய விடமாட்டார். போர்க்காலத்து வெடிகுண்டு தென்பட்டால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதும் விதிகளுள் ஒன்று. வெடிக்காத குண்டுகளின் கதை நம் மண்ணிலும் புதியதன்று.

இவ்வளவையும் ஒருவர் செய்தால் என்ன விளையும்? சஃபக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்றொரு சிற்றூர் உண்டு. ஆங்கிலத்தில் அதனை எழுதும் முறை வேறு, ஒலிக்கும் முறை வேறு. எழுத்தும் ஒலியும் பிரிந்து வாழும் மொழியினர் அவர்கள். 1992 நவம்பரில் அவ்வூரின் குத்தகை உழவர் ஒருவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் பணி ஓய்வு பெற்றபோது அவருக்கு உலோகம் கண்டறியும் கருவி பரிசாகக் கிடைத்திருந்தது. சுத்தியலைத் தேடித் தருமாறு உழவர் கேட்டார். லாஸ் தேடப் போனார். வெள்ளிக் கரண்டிகளும் தங்க நகைகளும் காசுகளும் வெளிவரத் தொடங்கின. சிலவற்றை எடுத்தவர், இது பெரிது என்று உணர்ந்ததும் தோண்டுவதை நிறுத்தினார். அந்நிலம் சஃபக் மாவட்ட மன்றத்துக்கு உரியது; செய்தி உடனே மன்றத்துக்குப் போயிற்று. மறுநாளே தொல்லியலாளர் வந்து, ஊருக்குப் பரவுமுன் ஒரே நாளில் அகழ்ந்தெடுத்தனர்.

ஏறத்தாழ 15,000 உரோமானியப் பொன், வெள்ளி, வெண்கலக் காசுகளும், சுமார் 200 வெள்ளி, தங்கப் பொருள்களும் கிடைத்தன. கிட்டத்தட்ட 1.75 மில்லியன் பவுண்டு பரிசுத்தொகையாக வழங்கப்பட்டது. அன்றைய சட்டப்படி அது கண்டெடுத்தவர்க்கே உரியது. ஆயினும் லாஸ் உழவரோடு பகிர்ந்துகொண்டார். தொகையைவிட நாம் போற்றுவது வேறு. அவர் நிறுத்தியதால் அப்பொருள்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதைக் காண முடிந்தது. ஒரு மரப்பெட்டி, அதனுள் சிறு பெட்டிகள், அவற்றுக்குச் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகள். மரம் மக்கிப்போயினும் அதன் சுவடு எஞ்சியிருந்தது. வாரியெடுத்து மூட்டையாகக் கட்டியிருந்தால் கைக்கு வந்திருப்பது விலையுயர்ந்த உலோகக் குவியல்; அவர் பொறுத்திருந்ததால் வந்தது, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலங்கிய காலத்தில், ஒரு குடும்பம் தன் செல்வத்தைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிப் பூட்டி மறைத்துவைத்த செயல். வரிசையான கரண்டிகளில் அவுரேலியஸ் உர்சிசினஸ் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் யாரென வரலாறு அறியாது, பெட்டி அறிந்திருந்தது.

அக்குவியலில் நான்கு மிளகுக் குப்பிகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று பெண்ணொருத்தியின் மார்பளவு உருவமாக, வெள்ளியில் பொன்முலாம் பூசிச் செய்யப்பட்டது. அடியிலுள்ள வட்டத்தகட்டைத் திருகினால் ஒரு நிலையில் மூடிக்கொள்ளும், ஒரு நிலையில் மிளகு நிரப்பத் திறக்கும், மற்றொரு நிலையில் தூவும். சங்கத் தமிழில் 'கறி' என்று வழங்கப்பட்ட அதே மிளகு, சேர நாட்டு மலைச்சாரலில் விளைந்து, கடல்பல கடந்து, பேரரசின் வடகோடியில் ஒரு வீட்டு உணவுமேசையை அடைந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் யவனர் வந்தனர் என்று படிக்கிறோம். அவ்வணிகத்தின் மறுமுனையை ஓர் ஆங்கில உழவர் வயல் நமக்குக் காட்டுகிறது. தொலைந்த சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது. அதுவும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

ஹாக்ஸனுக்கு முன்பு நிலைமை இவ்வளவு மகிழ்ச்சியானதன்று. 1980களில் சரே மாவட்டத்து வான்பரோ என்னுமிடத்தில் உரோமானியக் கோயில் இருந்த வயல், நீதிமன்ற விசாரணையில் இடம் வெளிப்பட்டபின், இரவு இரவாகச் சூறையாடப்பட்டது. ஆயிரக்கணக்கான காசுகள் தடயமின்றி மறைந்தன. இசைவின்றி இரவில் தேடுவோர்க்கு அந்நாட்டினர் இராப்பறவை ஒன்றன் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். பிடிபட்டவர்களையும் பழைய சட்டத்தால் எளிதில் தண்டிக்க முடியவில்லை. மீண்டும் எடுக்கும் நோக்கத்தோடு புதைக்கப்பட்டதா, கோயிலுக்குக் காணிக்கையாக இடப்பட்டதா என்று, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் உள்ளக் கருத்தை மெய்ப்பித்தால்தான் அது 'புதையல்' எனக் கொள்ளப்பட்டது. சொல்லுக்குத் தவறான வரையறை இட்டால் திருடர் அதன் வழியே தப்பிவிடுவர் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டா.

அக்குறையை நீக்க 1996இல் புதையல் சட்டம் இயற்றப்பட்டு, 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. புதைத்தவரின் நோக்கத்தைச் சட்டம் கேட்பதில்லை. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளாய், நூற்றுக்குப் பத்து விழுக்காடாவது பொன்னோ வெள்ளியோ உடையதாயின் அது புதையல். காசுகளாயின் பொன், வெள்ளிக் காசுகள் இரண்டும் அதற்கு மேலும். பிற உலோகக் காசுகள் பத்தும் அதற்கு மேலும் ஓரிடத்தில் கிடைத்தால் புதையல். பின்னர் வந்த திருத்தங்கள் தொல்பழங்கால வெண்கலக் குவியல்களையும், 2023இலிருந்து தனிச்சிறப்புடைய பிற உலோகப் பொருள்களையும் அதன்கீழ்க் கொணர்ந்தன. கண்டெடுத்தவர் பதினான்கு நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். இறப்பை விசாரிப்பவருக்கும் புதையலுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். மன்னரின் வருவாயைக் காப்பதற்காகவே இடைக்காலத்தில் ஏற்பட்ட பதவி அது. அதன் ஆங்கிலப் பெயரே மணிமுடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அருங்காட்சியகம் அப்பொருளைப் பெற விரும்பினால் சந்தை மதிப்பு கணிக்கப்பட்டு, பொதுவாகக் கண்டவர்க்குப் பாதி, நிலத்தார்க்குப் பாதி எனப் பகிரப்படுகிறது. இசைவின்றி நுழைந்தவரின் பங்கு குறைக்கப்படலாம், இல்லாமலும் போகலாம்.

1997இலேயே, சட்டம் கட்டாயப்படுத்தாத சாதாரணப் பொருள்களையும் விரும்பி வந்து பதிவுசெய்வோர்க்கென ஒரு பதிவுத்திட்டம் தொடங்கப்பட்டு, 2003க்குள் இங்கிலாந்தும் வேல்சும் முழுமையாக அதன்கீழ் வந்தன. மாவட்டந்தோறும் பழம்பொருள் தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார். தேடுவோர் கொண்டுவரும் உடைந்த ஊசியையும் அவர் அளந்து, எடையிட்டு, படமெடுத்து, கிடைத்த இடத்தை வரைபடக் கட்ட எண்ணால் குறித்துப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இப்பதிவேட்டில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இடம்பெற்றுள்ளன. பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் இடம் துல்லியமாகக் காட்டப்படுவதில்லை. இரவில் வருவோரிடமிருந்து உழவரைக் காக்கும் ஏற்பாடு அது. ஆராய்வோர்க்கு மட்டும் நுண்ணிய இடக்குறிப்பு கிடைக்கும்.

இவ்விடத்தில் ஒரே ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துக் காண்போம். ஆண்டு 2015. சூன் மாதத்தில் ஹெரஃபோர்ட்ஷையரில் லெம்ஸ்டர் நகருக்கு அருகிலுள்ள விளைநிலத்தில் இருவர் வைக்கிங் காலப் புதையலொன்றைக் கண்டெடுத்தனர். பொன் மோதிரம், பொன் கைவளை, பளிங்குப் பதக்கம், வெள்ளிக் கட்டி ஆகியவற்றோடு ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் என்பது கணிப்பு. நில உரிமையாளருக்கு அவர்கள் சொல்லவில்லை; சட்டப்படி அறிவிக்கவும் இல்லை. காசுகளைச் சிறிது சிறிதாக விற்கத் தொடங்கினர். கைப்பேசியில் அழித்துவிட்ட படங்களைக் காவல்துறையினர் மீட்டபோது, புதையல் குழியில் கிடந்த தோற்றம் வெளிப்பட்டது. 2019இல் நீதிமன்றம் ஒருவர்க்குப் பத்தாண்டும் மற்றவர்க்கு எட்டரை ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அவை பின்னர்க் குறைக்கப்பட்டன. அப்போது மீட்கப்பட்ட காசுகள் 31 மட்டுமே.

அதே ஆண்டு அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில், வாட்லிங்டன் என்னும் ஊருக்கு அருகிலுள்ள வயலில், ஜேம்ஸ் மேதர் என்பவர் அதே காலத்துக் காசுகளும் வெள்ளிக் கட்டிகளும் அடங்கிய புதையலைக் கண்டார். தென்பட்டது என்னவென்று உணர்ந்ததும் குழியை மூடிவிட்டுத் தொடர்பு அலுவலருக்குச் செய்தி சொன்னார். அலுவலர் வந்து, காசுகளைத் தனித்தனியே பொறுக்காமல், சுற்றியிருந்த மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்த்தெடுத்துச் சுற்றிக்கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார். சுமார் 200 காசுகள். ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 2017இல் 1.35 மில்லியன் பவுண்டுக்கு அதனைப் பெற்றது. அந்தச் சில நாள்கள் அவர் எப்படி உறங்கினார் என்பதுதான் நமக்கு வியப்பு! புதையல் தன் கையருகே கிடக்க, மண்ணை மூடிவிட்டு வீட்டுக்குப் போவதற்குப் பெரிய நெஞ்சுறுதி வேண்டும்.

இரு புதையல்களிலும் ஒரே வகைக் காசுகள் இருந்தன. வெசெக்ஸ் நாட்டு ஆல்ஃபிரட் மன்னன் பெயரிலும், மெர்சியா நாட்டு இரண்டாம் செயோல்வுல்ஃப் மன்னன் பெயரிலும் அவை அடிக்கப்பட்டவை. ஆல்ஃபிரட்டின் அவையில் எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேடு, செயோல்வுல்ஃபை அறிவிலி என்றும் வைக்கிங்குகளின் கைப்பாவை என்றும் இகழ்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வரலாறும் அதனையே சொல்லி வந்தது. காசுகளில் காண்பது வேறு. இரு மன்னரும் ஒரே வடிவில் காசடித்திருக்கின்றனர். ஒரு வடிவத்தில் இரு வேந்தர் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். உரோமானியக் காசு ஒன்றைப் பார்த்து வரைந்த உருவம் அது. இருவரும் நேச உடன்பாட்டில் பணத்தை ஒரே சீராக நடத்தினர் என்று இன்று அறிஞர் கருதுவதற்கு இக்காசுகள் வலிமையான சான்று. வென்றவன் எழுதிவைத்த வரலாற்றில் பெயர் கெட்டுப்போன ஒருவனுக்காக மண் சாட்சி சொல்கிறது. இத்தகைய காசுகள் மிகச் சிலவே முன்னர் அறியப்பட்டிருந்தன. வாட்லிங்டன் சாட்சி முழுமையாக நம் கைக்கு வந்தது. லெம்ஸ்டர் சாட்சியின் பெரும்பகுதி அறுக்கப்பட்டது. 2023இல் மற்றொரு வழக்கில் 44 காசுகள் தொடர்பாக இருவர் தண்டிக்கப்பட்டனர். அவையும் அப்புதையலைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகிறது. எஞ்சியவை எந்தப் பேழையில் உறங்குகின்றனவோ!

பணம் கொடுத்து நேர்மையை வாங்குவதா என்று இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவோர் அந்நாட்டிலேயே உளர். 1980களில் தொல்லியலாளர் பலர் இக்கருவியையே தடைசெய்ய வேண்டும் என்று போராடினர். அவர்தம் அச்சம் பொய்யன்று. சந்தை விலையில் பரிசு தரும் சட்டம், செய்தித்தாள்களில் விலையையே தலைப்பாக்குகிறது; ஒவ்வொரு பெரிய செய்திக்குப் பின்பும் பேராசையோடு வயலுக்கு வருவோர் கூடுகின்றனர். ஆனால் பரிசு இல்லாத நாட்டில் பொருள் வெளிப்படுவதே இல்லை. இரவில் எடுத்து இரவிலேயே உருக்கப்படுகிறது. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் 1878இல் இயற்றப்பட்ட புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. வேறு உடன்பாடு இல்லாவிடில் கண்டவர்க்கு நான்கில் மூன்று, நிலத்தார்க்கு நான்கில் ஒன்று என்றும் பகுத்தது. உழவர் ஏரில் தட்டுப்பட்ட செப்புத் திருமேனி ஆட்சியர் அலுவலகம் வரை சென்றதும், செல்லாமல் கடல் கடந்ததும் தமிழ்நாட்டில் நாம் கேள்விப்படுபவையே. இவற்றை எடைபோட்டுப் பார்க்கையில், பங்கு கொடுக்கும் சட்டத்தோடு, விலையில்லாத உடைந்த ஊசியையும் மதித்துப் பதியும் அலுவலர் ஒருவர் மாவட்டந்தோறும் இருப்பதே சிறந்தது என்று நாம் கருதுகிறோம். தேடுவோரின் கண்ணை விலையிலிருந்து கருத்தின்பால் திருப்புவது அந்த அலுவலரின் மேசைதான். மனமாற்றத்தைச் சட்டத்தால் செய்ய முடியாது. பத்துமுறை அம்மேசைக்கு வந்துபோனவர் தாமே வரலாறு படிக்கத் தொடங்கிவிடுகிறார்.

இடம் அழிந்தால் தமிழர் இழப்பது என்ன என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குவான் லூக் பாட் என்னும் மேட்டைச் சேர்ந்த சிறு உரைகல் ஒன்று, கிலோங் தோம் கோயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் கல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. எட்டே எழுத்துகள், கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் இக்கடற்கரையில் தம் பெயரெழுதிய கருவியோடு தொழில் செய்திருக்கிறார். கடலோடிய தமிழரைப் பற்றி நாம் பெருமிதத்தோடு பேசும் மேடைப் பேச்சுகள் பலவற்றினும் இந்த எட்டெழுத்து வலிமையானது. ஆனால் அந்த மேட்டின் பெயருக்கே மணிமேடு என்பது பொருள். பழங்கால மணிகளை விற்கத் தேடியவர்கள் அம்மேட்டைப் பெருமளவு குடைந்து கலைத்துவிட்டனர். உரைகல்லின் அருகே உலை இருந்ததா, அவர் குடும்பத்தோடு வாழ்ந்தாரா, பருவக்காற்றுக்குக் காத்திருந்து திரும்பினாரா, உடன் வேறு தொழிலாளர் இருந்தனரா என்று நாம் கேட்கும் வினாக்களுக்கு அடுக்குக் கலைந்த மண்ணால் விடை தர முடிவதில்லை. பண்டமாகிய பொருள் கிடைத்தது. கருத்தாகிய பொருளில் எட்டெழுத்து மட்டும் மிஞ்சியது.

நம் மலேசிய மண்ணும் இத்தகையதே. கெடாவில் சுங்கை பத்துவின் பழைய இரும்பு உருக்குக் களம் செம்பனைத் தோட்டத்தினுள்ளேயே வெளிப்பட்டது. பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் கோயில் அடித்தளம், தனியார் நிலத்தில் வீடமைப்புப் பணிக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்ட செய்தி 2013இல் நாட்டையே உலுக்கியது. தனியார் நிலத்தின் அடியில் பொதுவான வரலாறு கிடக்கும்போது எழும் சிக்கல் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. இந்நாட்டில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பழைய தொல்பொருள் சட்டத்துக்கும் புதையல் சட்டத்துக்கும் மாற்றாக வந்தது அது. புதையலோ தொல்பொருளோ கண்டவர் அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். இங்கிலாந்தில் உள்ள சுதந்திரத்தை இங்கே உள்ளதாக எண்ணி, இணையத்தில் கருவி வாங்கிக்கொண்டு தோட்டப்புறத்துக்குப் புறப்படும் இளைஞர்களை ஆசிரியர்கள் தடுத்து நிறுத்த வேண்டும். நிலத்தார் தலையசைத்ததால் மட்டும் இங்கே உரிமை பிறந்துவிடாது.

தோட்டத்தில் மண் அள்ளும்போதோ, ஆற்றங்கரை சரியும்போதோ, வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ பழையது ஏதேனும் தென்பட்டால் செய்ய வேண்டியவை எளியவை. எடுக்காமல் நிற்க, அருகில் ஒரு கைக்கோலோ கைப்பேசியோ வைத்து அளவு தெரியுமாறு படமெடுக்க, கைப்பேசியின் வரைபடத்தில் இடத்தைக் குறிக்க, நிலத்தாரிடம் சொல்ல, மாவட்ட அலுவலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்க. கழுவுதல், தேய்த்தல், எலுமிச்சை தடவிப் பளபளப்பாக்குதல் ஆகிய மூன்றையும் அறவே விலக்க வேண்டும். நம் வீடுகளில் பித்தளை விளக்கைத் துலக்கிப் பழகிய கைகளுக்கு இது கடினந்தான்.

வகுப்பறையில் இதனைப் பயிற்சியாகவும் செய்யலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழைய பொருளொன்றைத் தேர்ந்து, அதற்கு ஓர் அட்டை எழுதட்டும். பாட்டியின் பாக்குவெட்டியாக இருக்கலாம். தாத்தா பால்மரம் சீவிய கத்தியாக இருக்கலாம். அது எந்தத் தோட்டத்து எந்த லயத்தில் இருந்தது, எந்த ஆண்டு எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது, அதனை எழுத வீட்டில் யாரிடம் இசைவு கேட்டோம் என்பவை அட்டையில் இடம்பெற வேண்டும். பொருளின் பெயரைக் கடைசி வரியில் எழுதச் சொல்லுங்கள். முதல் வரி இடத்துக்கு உரியது. பாதி மாணவர்க்கு அந்த முதல் வரியை நிரப்ப வீட்டுப் பெரியவர்களிடம் சென்று கேட்க வேண்டியிருக்கும். அப்பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடட்டும்.